லோகேஸ்வரியின் ஐந்து வரிகள்

பையை எடுத்துவிடுகிறேன், உட்காருங்க அக்கா. எதிர் வரிசையில் ஃபேன் ஓடாது. அங்கே உட்காருகிறவர்கள் எல்லாரும் பத்து நிமிஷத்தில் இந்தப் பக்கம்தான் வருகிறார்கள், காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். யாருக்கு, மாமியாருக்கா? புரை எடுக்கிறதா? அதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். போன வருஷம் என் பெரியம்மாவுக்கு எடுத்தார்கள். மறுநாள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும், "என்னடி, மூலையெல்லாம் ஒட்டடை தொங்குது" என்று என்னைத் திட்டினாள். அவ்வளவு தெளிவு.

எனக்கு ஒன்றும் இல்லை. என் கண் நன்றாகத்தான் இருக்கிறது. நான் வந்திருப்பது என் வகுப்புப் பிள்ளைக்காக. லோகேஸ்வரி என்று பெயர், ஏழாம் வகுப்பு. மூன்றாவது மாடியில் இருக்கிறாள். வலது கண் போய்விட்டது அக்கா. இடது கண்ணில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அந்த மிச்சம் நிற்பதற்காக நேற்று ஆபரேஷன் செய்தார்கள். இன்றைக்குப் பதினொரு மணிக்குக் கட்டுப் பிரிக்கிறார்கள். இப்போது மணி என்ன? பத்தேகாலா? கடிகாரம் கட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறேன், பாருங்க, இருந்தும் உங்களைக் கேட்கிறேன்.

நான் மேலே போகக்கூடாது. ஆஸ்பத்திரியில் யாரும் தடுக்கவில்லை. அவளுடைய அப்பா பாண்டீஸ்வரன் சொல்லிவிட்டார். "நீங்க கீழயே இருங்க டீச்சர். மேல வந்தீங்கன்னா நான் ஏதாச்சும் பேசிப்புடுவேன்" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன். கைகட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, டீச்சர் டீச்சர் என்று மரியாதையாகச் சொன்னார். திராட்சைப் பெட்டி ஏற்றுகிற குட்டி லாரி ஓட்டுகிற மனுஷன்.

நான் பேசுவது புத்தகம் வாசிக்கிற மாதிரி இருக்கிறதா? எல்லாரும் சொல்வார்கள். பதினாறு வருஷமாகத் தமிழ் டீச்சர் அக்கா, வாய் அப்படிப் பழகிவிட்டது. செண்பகவல்லி என் பெயர். கம்பம் பக்கம். ஊர் பெயர் வேண்டாம், ஏற்கெனவே ஊரே என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறது.

நீங்களே சொல்லுங்க. நான் என்ன செய்தேன்? எழுதக் கற்றுக்கொடுத்தேன். அது ஒரு குற்றமா?

உங்கள் பிள்ளைகள் படித்திருப்பார்கள் இல்லையா, தமிழ்க் கட்டுரை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு கட்டம் போட்டு உள்ளே குறிப்புகள். அப்புறம் முன்னுரை, பொருளுரை, முடிவுரை. கைடில் இருப்பதை அப்படியே மனப்பாடம் செய்து இறக்கிவைக்க வேண்டியது. 'மழைக்காலம்' என்று தலைப்புக் கொடுத்தால் நாற்பத்திரண்டு நோட்டிலும் மயில் தோகை விரித்து ஆடும். எங்கள் ஊரில் மயில் வந்தால் திராட்சைத் தோட்டக்காரன் தகரத்தைத் தட்டி விரட்டுவான் அக்கா. கொத்துக் கொத்தாகத் தின்றுவிடும். ஒரு பிள்ளைகூட அதை எழுதாது. பார்த்ததை எழுதலாம் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

எனக்கு அது பொறுக்கவில்லை. போன ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு வாங்கச் சொன்னேன். ஐந்து வரி நோட்டு. தினமும் ஏதாவது ஒன்றைப் பார்க்க வேண்டும், அடுப்பில் வைத்த பால் பொங்குகிற நேரம்வரை கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும், ஐந்து வரி எழுத வேண்டும். 'அழகான' என்ற சொல் வரக்கூடாது. ஒரு உவமையாவது வர வேண்டும். நன்றாக இருந்தால் சிவப்பு மையில் நட்சத்திரம். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் நட்சத்திரம் வாங்கினதை எல்லாரும் கேட்க வாசிப்போம்.

முதல் மாதம் சிரிப்பும் கூத்துமாகப் போனது. தீபக் என்று ஒருவன், "எங்கள் வீட்டு மிக்ஸி எங்கள் சித்தி போல, தொட்டவுடன் கத்தும், நிறுத்தினாலும் கொஞ்ச நேரம் முனகும்" என்று எழுதிவிட்டான். அதை வாசித்தது எப்படியோ சித்தி காதுக்குப் போய், திங்கட்கிழமை காலையில் அந்த அம்மா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். "யாருடி அந்தத் தமிழ் டீச்சரு?" நான் ஒளிந்துகொண்டேன். தலைமையாசிரியர்தான் பேசி அனுப்பினார்.

சிரியுங்க. நானும் சிரித்தேன். அந்த வருஷம் அப்படித்தான் ஆரம்பித்தது.

லோகேஸ்வரி அப்போது எழுதினதெல்லாம், "இது மேஜை. மேஜைக்கு நான்கு கால்கள். ஒரு கால் ஆடும்." அவ்வளவுதான். உயரமான பிள்ளை, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னின இரட்டைச் சடை. கண் எப்போதும் சிவந்திருக்கும், புறங்கையால் கசக்கிக்கொண்டே இருப்பாள். தோட்டத்தில் மருந்தடிக்கிற ஊர், அங்கே பாதிப் பிள்ளைகளுக்குக் கண் அரிப்பு உண்டு. அவளுடைய அம்மா தனம் திராட்சை பறிக்கப் போகிறவள். மெடிக்கலில் ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டிருக்கிறாள். போட்டதும் சிவப்பு ஓடிவிட்டதாம். அதிலிருந்து ஒன்றரை வருஷம், அரித்தால் உடனே அதைத்தான் போட்டிருக்கிறாள், டாக்டர் சீட்டு எதுவும் இல்லாமல். அந்த மருந்துதான் உள்ளே அழுத்தத்தை ஏற்றி நரம்பைக் கொன்றிருக்கிறது என்று இங்கே சொன்னார்கள். கேட்டுக்கொள்ளுங்க, மருந்துதான். அவள் அம்மா கையால் போட்ட மருந்து. நான் தமிழ் டீச்சர், கண் டாக்டர் இல்லை.

ஜூலையில் 'எங்கள் வீட்டு விளக்கு' என்று தலைப்புக் கொடுத்தேன். அவள் எழுதினது எனக்கு மனப்பாடம். கேளுங்க.

"எங்கள் வீட்டு டியூப்லைட் கோட்டை கட்டும். மழைக்கு முன்னால் நிலாவைச் சுற்றி இருக்குமே, அந்தக் கோட்டை போல. வெளியே சிவப்பு, உள்ளே நீலம். கண்ணைக் கசக்கினால் கோட்டை பெரிதாகும். அம்மாவிடம் காட்டினேன், கோட்டையும் இல்லை ஒன்றும் இல்லை, போய்ப் படி என்றாள்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது அக்கா. பன்னிரண்டு வயதுப் பிள்ளை! டியூப்லைட்டுக்குக் கோட்டை! ஓரத்தில் 'கற்பனை நயம் அருமை' என்று எழுதி நட்சத்திரம் போட்டேன். கடைசி வரியை மட்டும் அடித்தேன். அவ்வளவு அழகாகக் கோட்டையைக் கட்டிவிட்டு அம்மாவை விட்டு இடிக்கச் சொல்வானேன்? வருணனை கெட்டுவிடுகிறது.

வெள்ளிக்கிழமை அவளையே வாசிக்கச் சொன்னேன். நோட்டை மூக்குக்குக் கிட்டே வைத்துக்கொண்டு வாசித்தாள். வெட்கம் என்று நினைத்தேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். முடிந்ததும் என் மேஜைக்கு வந்தாள். "மிஸ், கற்பனைன்னு போட்டிருக்கீங்க. கற்பனை இல்ல மிஸ். நெசமாவே அப்படித்தான் இருக்கு."

நான் அவள் கன்னத்தைத் தட்டினேன். "அப்படித்தான் சொல்லணும். எழுதுறவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்றேன்.

அவள் நோட்டை மூடிக்கொண்டாள். அப்புறம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அதற்கப்புறம் அந்தப் பிள்ளை எழுதினாள் பாருங்க, ஒவ்வொன்றும் முத்து. செப்டம்பரில், 'விளையாட்டு மைதானம்': "பிள்ளைகள் பக்கத்திலிருந்து முளைக்கிறார்கள். வருவது தெரியாது. வந்தது மட்டும் தெரியும்." அதற்கு இரண்டு நட்சத்திரம். அந்த வருஷம் வேறு யாருக்கும் இரண்டு போடவில்லை. நவம்பரில், 'காலை நேரம்': "விழித்தால் ஊர் முழுவதும் பால் பாத்திரம் கழுவின தண்ணீருக்குள் கிடக்கிறது. எதிர்வீட்டுப் படியில் இருப்பது பூனையா செம்பா தெரியாது. பத்து மணிக்குத் தெளியும். பூனை என்றால் அதற்குள் போய்விடும்." எங்கள் பக்கம் ஐப்பசி கார்த்திகையில் மலையிலிருந்து மேகம் இறங்கும். யார் படித்தாலும் அதைத்தானே நினைப்பார்கள்? நீங்கள் என்ன நினைத்திருப்பீர்கள்? சொல்லுங்க. பார்த்தீர்களா.

டிசம்பரில், "எங்கள் தெரு இளைத்துவிட்டது. இரண்டு பக்க வீடுகளும் இப்போது தெருவில் இல்லை" என்று எழுதினாள். இதைவிடச் சுருக்கமாக யாரால் சொல்ல முடியும்?

எல்லாவற்றையும் புகழ்ந்துவிட்டேன் என்றும் நினைக்காதீங்க. நான் கண்டிப்பானவள். வரிகள் கோடு தாண்டி மேலும் கீழும் ஓடும், ஒரு சொல்லின் மேலேயே இன்னொரு சொல்லை எழுதிவைப்பாள். கையெழுத்துக்கு ஒவ்வொரு முறையும் இரண்டு மதிப்பெண் குறைத்தேன். 'கவனம் தேவை' என்று எழுதினேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் இன்னாசிமுத்து என்று கணக்கு சார் ஒருவர் இருக்கிறார். ராயப்பன்பட்டிக்காரர். வாயைத் திறந்தால் கிண்டல். என் ஐந்து வரி நோட்டுக்கு 'செண்பகம் மிஸ்ஸோட அஞ்சு பைசா நோட்டு' என்று பெயர் வைத்தவர். டிசம்பரில்தான், ஓய்வறையில் நான் அந்தத் தெரு வரியை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். எல்லாரும் ஆகா என்றார்கள். இவர் மட்டும் டிபன் பாக்ஸை மூடாமல் என்னையே பார்த்தார்.

"மிஸ், அந்தப் பிள்ளைக்குக் கண்ணு தெரியலையோ?"

"என்ன சார் சொல்றீங்க?"

"போர்டுல எட்டுன்னு போட்டா மூணுன்னு எழுதுது. முன்னாடி பெஞ்சுல உக்கார வச்சும் அதேதான். இப்ப நீங்க வாசிக்கிறதக் கேட்டா எனக்கு வேற மாதிரி இருக்கு. ஒருக்கா கண்ணக் காட்டச் சொல்லுங்க."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? நான் ஒரு பிள்ளையைக் கண்டுபிடித்து வளர்த்துக் கொண்டுவந்து நிறுத்துகிறேன், இந்த மனுஷன் அவளைக் குருடி என்கிறான். "சார், உவமைன்னு ஒண்ணு தமிழ்ல இருக்கு. உங்களுக்கு ரெண்டும் ரெண்டும் நாலுதான் தெரியும்" என்றேன். ஓய்வறையே சிரித்தது. அவரும் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

இப்போது ஊரில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? கணக்கு சாருக்குத் தெரிந்தது தமிழ் டீச்சருக்குத் தெரியவில்லை என்று. அவர் சொன்னதைச் சாதாரணமாகச் சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேன் அக்கா. எல்லார் முன்னாலும் சொன்னார். அதுதான்.

தண்ணீர் வேண்டுமா? என்னிடம் இருக்கிறது. குடியுங்க.

மணி பத்தே முக்காலா? இன்னும் கால் மணி நேரம். அழுத்தம் இறங்கியிருந்தால் இருக்கிற பார்வை நிற்கும் என்கிறார்கள். இறங்காவிட்டால் அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். போனது எப்படியும் திரும்பாது. எனக்கு டாக்டர் நேராகவே சொன்னார்.

ஒன்றை நான் இன்னும் உங்களிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொன்னதில்லை, தலைமையாசிரியருக்கு மட்டும் தெரியும், வருகைப் பதிவேட்டில் இருக்கிறது.

வருஷத்துக்கு ஒரு தடவை பள்ளிக்கூடத்துக்கு மருத்துவக் குழு வரும். வேனில் வருவார்கள், எடை, உயரம், பல் பார்ப்பார்கள். சுவரில் எழுத்துப் பலகையை மாட்டி ஒரு கண்ணை மூடி வாசிக்கச் சொல்வார்கள். இந்தத் தடவை ஜனவரி இருபத்தோராம் தேதி வந்தார்கள். அன்றைக்குத்தான் தேனியில் மாவட்ட அளவு வருணனைப் போட்டி. ஒரு பள்ளிக்கு ஒரு பிள்ளை. நான் யாரைக் கூட்டிப்போவேன்?

வேன் உள்ளே வருகிறபோது நாங்கள் வெளியே போனோம். கேட்டில் வேனோடு வந்த நர்சம்மா சிரித்துக்கொண்டே கேட்டாள், "இந்தப் பிள்ளையைப் பாத்து முடிச்சிட்டு அனுப்பட்டா மிஸ்? ரெண்டு நிமிசம்." எனக்கு ஒன்பதே கால் பஸ். "இவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றேன்.

நான்தான் சொன்னேன். ஆமாம்.

போட்டி ஒரு பெரிய மண்டபத்தில். எழுபது எண்பது பிள்ளைகள் இருக்கும். மேடையில் ஒரு பெரிய படத்தைத் திரைபோட்டு மூடி வைத்திருந்தார்கள். மணியடித்ததும் திரையை விலக்குவார்கள், முக்கால் மணி நேரம், படத்தைப் பார்த்து வருணித்து எழுத வேண்டும். எங்கள் பள்ளி எண் கடைசி வரிசையில் விழுந்தது. நான் சுவரோரம் நின்றேன். அவள் குனிந்து எழுதுகிறாள், எழுதுகிறாள், நிறுத்தவே இல்லை. பரிசு நமக்குத்தான் என்று நினைத்தேன். பக்கத்தில் நின்ற வேறு பள்ளி டீச்சரிடம், "கடைசி வரிசையில் ரெட்டைச் சடை, அது எங்க பிள்ளை" என்றுகூடச் சொன்னேன்.

முடிவு சொன்னார்கள். ஆறுதல் பரிசில்கூட இல்லை. நடுவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு அவளுடைய தாளைக் காட்டினார். "நல்ல நடைதான் மிஸ், ஆனா படத்தையே எழுதலையே இது." வாங்கிப் பார்த்தேன். முன் வரிசைப் பிள்ளைகளின் ரிப்பன்களை எழுதியிருந்தாள். பேனாக்களின் சத்தம், ஓட்டில் எலி ஓடுகிற சத்தத்தைப் போல என்று. திரையின் கயிறு சறுக்கின சத்தம். எல்லாரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து மூச்சை உள்ளே இழுத்தது. படத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் திட்டினேன். பஸ்ஸில் எல்லாரும் பார்த்தார்கள், நான் விடவில்லை. "அவ்வளவு பெரிய படம், ஆள் உயரத்துக்கு! உன் கண்ணு என்ன பொடதியிலயா இருந்துச்சு? எத்தனை நாள் படிச்சுப் படிச்சுச் சொல்லிக்கொடுத்தேன், பாத்து எழுது, பாத்து எழுதுன்னு?"

அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். என் பக்கம் முழுசாகத் திரும்பினாள், தோளையும் சேர்த்துத் திருப்பினால்தான் என்னைப் பார்க்க முடியும் என்கிற மாதிரி.

"படம் இருந்துச்சா மிஸ்?"

அப்படிக் கேட்டாள் அக்கா.

நான் திமிர் என்று நினைத்தேன். தோற்ற எரிச்சலில் நக்கல் செய்கிறாள் என்று நினைத்தேன். அதற்குமேல் ஊர் வரும்வரை அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளிலிருந்து அவள் நோட்டைத் திருத்தும்போது கையெழுத்து மட்டும் போட்டேன், நட்சத்திரம் போடவில்லை. வெள்ளிக்கிழமை அவளைக் கூப்பிடவில்லை. ஒரு வாரம் எழுதினாள். அப்புறம் வெறும் தேதி மட்டும் எழுதி நீட்டினாள். அதற்கும் கையெழுத்துப் போட்டேன்.

பிப்ரவரி கடைசியில் மதியச் சாப்பாடு வாங்கிக்கொண்டு தட்டோடு வந்தவள் கொடிமேடையில் இடறி விழுந்தாள். நெற்றி கிழிந்துவிட்டது. ஒன்றாம் வகுப்பிலிருந்து தினமும் பார்க்கிற கொடிமேடை. இன்னாசி சார்தான் ஓடிப்போய்த் தூக்கினார். முகத்தைத் துடைத்துவிட்டு, அவள் முன்னால் இரண்டு விரலைக் காட்டி, அப்படியே பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே போனார். காது வரைக்கும்கூடப் போகவில்லை கை, அதற்குள் விரல் தெரியவில்லை என்றுவிட்டாள். "இப்ப எங்க மிஸ் விரலு?" என்று கேட்கிறதுபோல என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அவரே பாண்டீஸ்வரனுக்குப் போன் போட்டு, அவரே கூடப் போய், கம்பத்தில் காட்டி, இங்கே அனுப்பிவைத்தார்.

இங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, எப்போதிலிருந்து என்று. அப்பாவுக்குத் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரியவில்லை. விளக்கைச் சுற்றி வட்டம் தெரிந்ததா, காலையில் மங்கலாக இருந்ததா, பக்கத்தில் வருகிறவர்கள் தெரியவில்லையா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார். பிள்ளை சொன்னாளாம், "எல்லாத்தையும் எழுதியிருக்கேன் சார். டீச்சர்கிட்ட நோட்டு இருக்கு."

தனம் எனக்குப் போன் செய்தாள். பிள்ளை தேதி மட்டும் எழுதி நீட்டின அன்றைக்கே நோட்டை நான் என் அலமாரியில் எடுத்து வைத்துக்கொண்டேன். பெரிய அதிகாரி ஆய்வுக்கு வந்தால் காட்டலாம் என்று. நானே எடுத்துக்கொண்டு வந்தேன், போன செவ்வாய்க்கிழமை. மறைத்திருக்கலாம் இல்லையா? தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

சின்ன வயசு டாக்டர். மேஜையில் வைத்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். கையில் பென்சில். கோடு போட்டுக்கொண்டே வந்தார். நான் எட்டிப் பார்த்தேன். நான் சிவப்பு நட்சத்திரம் போட்டிருந்த இடங்களில்தான் அவரும் கோடு போட்டிருந்தார். ஒரு இடம்கூடத் தப்பவில்லை. கோட்டைக்குப் பக்கத்தில் நான் அடித்திருந்த வரியை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படித்து, அதற்கும் கோடு போட்டார். அப்புறம் பாண்டீஸ்வரனுக்குத் தேதியோடு வாசித்துச் சொன்னார். ஜூலை. செப்டம்பர். நவம்பர். அவர் வாசிக்க வாசிக்க அந்த மனுஷன் விரலை மடக்கிக்கொண்டே வந்தார். முடித்துவிட்டு டாக்டர் நோட்டை மூடி, "ரொம்பத் தெளிவா எழுதியிருக்கா" என்றார்.

கேட்டீர்களா அக்கா, டாக்டரே சொன்னார். தெளிவாக எழுதியிருக்கிறாள் என்று. அது யார் கற்றுக்கொடுத்தது?

பாண்டீஸ்வரன் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இதெல்லாம் நீங்க படிச்சீங்களா டீச்சர்?"

படிக்கவில்லை என்று எப்படிச் சொல்வேன்? பக்கத்துக்குப் பக்கம் என் கையெழுத்து இருக்கிறதே. படித்தேன் என்றேன். அப்போதுதான் கையைக் கட்டிக்கொண்டு, மேலே வராதீங்க என்றார். தினமும் நூறு கிலோமீட்டர் பஸ் ஏறி வருகிறேன் அக்கா, விடுப்புப் போட்டுவிட்டு. இங்கேயே உட்கார்ந்துவிட்டுத் திரும்புகிறேன். இதற்குமேல் நான் என்ன செய்ய வேண்டும்? நான் தமிழ் டீச்சர்...

இருங்க. அதோ, படியில் தனம் வருகிறாள். பச்சைச் சேலை. மணி பதினொன்றே காலாகிவிட்டதா! அவள் முகத்தைப் பாருங்க, என்னால் பார்க்க முடியவில்லை, நீங்கள் பார்த்துச் சொல்லுங்க. அழுகிறாளா?

*

போய்விட்டாள். நீங்களும் கேட்டீர்கள் இல்லையா? நின்றுவிட்டதாம். அழுத்தம் இறங்கியிருக்கிறதாம். ஒரு பேனா மூடி வழியாகப் பார்க்கிற அளவுக்குத்தான், ஆனால் அந்த அளவு நின்றுவிட்டது. "எம் மூஞ்சி தெரியுது மிஸ், மூக்குத்தி தெரியுதுங்கறா" என்று சொல்லும்போது அவள் வாய் கோணிக்கொண்டு போனதைப் பார்த்தீர்களா?

சந்தோஷமான செய்திதான். ஆமாம், சந்தோஷம்தான்.

கடைசியில் அவள் என் காதுக்குள் சொன்னது உங்களுக்குக் கேட்டிருக்காது. பாண்டீஸ்வரன் டீ குடிக்க வெளியே போவாராம். அந்தப் பத்து நிமிஷம் என்னை மேலே வரச் சொல்கிறாள். பிள்ளை கேட்கிறாளாம். கட்டுப் பிரித்ததும் அம்மா முகத்தைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், மூன்றாவதாக அவள் கேட்டது இதுதானாம்: "மிஸ் கீழ இருக்காங்களா? அன்னிக்கு அந்தப் படத்துல என்ன இருந்துச்சுன்னு கேட்டுட்டு வாம்மா."

கோபமாகக் கேட்டாளா என்று கேட்டேன். இல்லை மிஸ், சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்குறா, ஒரு மாசத்துக்கும் மேலா அதைத்தான் நினைச்சுக்கிட்டு இருந்தாளாம் என்கிறாள்.

அக்கா, அந்த மண்டபம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. மேடைத் திரை மெரூன் நிறம், ஒரு பக்கம் வளையம் அறுந்து தொங்கியது. நடுவர்கள் மூன்று பேர், நடுவில் இருந்தவருக்கு ஜவ்வாது வாசம். மத்தியானம் எலுமிச்சை சாதம் கொடுத்தார்கள், நிலக்கடலை கருகியிருந்தது. நான் கட்டியிருந்தது கத்தரிப்பூ நிறச் சேலை. திரையை விலக்கினதும் எல்லாரும் நிமிர்ந்தார்கள். நானும் நிமிர்ந்தேன். நிமிர்ந்திருப்பேன்.

ஆறு இருந்ததா? தேர் மாதிரி ஏதோ... மாடு? சந்தையாக இருக்குமோ? போட்டிக்கு வழக்கமாகச் சந்தைதான் வைப்பார்கள். இல்லை, நிறைய நீலம் இருந்தது. அல்லது நீலம் அந்த மேடைச் சுவரா?

முக்கால் மணி நேரம் அந்தப் படத்துக்கு எதிரே நின்றேன் அக்கா. என் பிள்ளை எத்தனை பக்கம் எழுதுகிறாள் என்று அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏதாவது சொல்லிவிடலாம். எனக்கு வராதா என்ன, ஒரு ஆறும் பரிசலும் வைத்து ஐந்து வரி இப்போதே சொல்லிவிடுவேன். அவளுக்கு எப்படித் தெரியப்போகிறது? ஆனால் சொல்லி முடித்ததும் அவள் தோளைத் திருப்பி, அந்தக் கொஞ்சூண்டு கண்ணால் என்னைப் பார்த்து, நெசமாவா மிஸ் என்று கேட்டால்?

அதோ, அவர் இறங்கி வருகிறார். வெள்ளைச் சட்டை, கையில் பிளாஸ்க். இந்தப் பக்கம் பார்க்க மாட்டார். பார்க்காதீங்க, நீங்களும் பார்க்காதீங்க.

போய்விட்டாரா?

இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்க அக்கா. மூன்று மாடி. ஏறுகிறதற்குள் நினைவு வந்துவிடும். வராவிட்டால் வரவில்லை என்று சொல்ல வேண்டியதுதான். அந்தப் பிள்ளையிடம் போய், நானும் பார்க்கவில்லை என்று.

எந்தப் பக்கம் படி?